வெறுங்கதிரைக்கு வைத்த கோழிச்சாறு

மாமா வேலை முடிந்து வருகிறார் என்பதை, அவருக்கு முன்னால் படியேறி வருகிற கோழி மணமே எங்களுக்குச் சொல்லிவிடும். அப்போது நாங்கள் இத்தாலியின் பலெர்மோவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், மாமா. மாமா அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் முன்னறைச் சோபாவில் படுப்பது, என்னோடு சண்டை பிடிப்பது, அம்மாவிடம் பேச்சு வாங்குவது, இவைதான் அவருடைய முழுநேர வேலை என்று ஒன்பது வயதில் நான் நினைத்திருந்தேன். ராமென் என்கிற யப்பான் நூடில்ஸ் விற்கிற கடையில் அவர் செய்வது ஏதோ கைச்செலவுக்கு என்று என் எண்ணம்.

அந்தக் கடை ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்தது. முதலாளி யப்பான்காரர். மனிசி பலெர்மோக்காரி, வாய் ஓயாத பெண். பன்றி, மாடு ஒன்றும் அந்தக் கடை வாசலைத் தாண்டாது. கோழிச்சாறு ஒன்றுதான் அங்கே பேர்போனது. அந்தச் சாற்றைக் காய்ச்சுகிற ஆள் எங்கள் மாமா. விடிய எழும்பிப் போய், கோழி எலும்பு, முதுகுக்கூடு, கோழிக்கால் எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் போட்டு, மத்தியானம் தாண்டும்வரை பொங்கப் பொங்கக் கொதிக்க வைப்பார். கொதி குறையாமல் பார்த்துக்கொண்டு அகப்பையோடு பக்கத்திலேயே நிற்க வேண்டுமாம். கடைசியில் தண்ணீர் தேங்காய்ப்பால் போல வெளுத்துவிடும் என்பார்.

"தெளிஞ்ச ரசம் வைக்க ஆராலும் ஏலும், மருமேள். இது அப்பிடியில்லை. எலும்புக்குள்ள இருக்கிறது முழுக்க வெளியில வரவேணும். பால் விடாத பால்கறி இது, தெரியுமோ?"

நான் நம்பவில்லை. பால் விடாமல் எப்படி வெளுக்கும், நீங்கள் களவாகத் தேங்காய்ப்பால் விடுகிறீர்கள், யப்பான்காரருக்குத் தெரியாது என்று அடித்துச் சொன்னேன். மாமாவுக்கு வந்ததே கோபம். ஒருநாள் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், குசினிக்குள் இல்லை, மேசையில் ஒரு சீமாட்டி சின்ஞோரா மாதிரி இருத்தி, தன் கையால் காய்ச்சிக் கொண்டுவந்து வைப்பதாகச் சபதம் போட்டார். அங்கே உறிஞ்சிச் சத்தம் போட்டுத்தான் சாப்பிட வேண்டுமாம், சத்தம் போடாவிட்டால் சமைத்தவனுக்கு மரியாதை இல்லையாம். வீட்டில் சொதியை உறிஞ்சினால் அப்பாவிடம் குட்டு விழுகிற எனக்கு இது சொர்க்கம் போலத் தோன்றியது.

அம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை வந்ததிலிருந்து கோழி மணம் ஆகாது. மாமா படியில் ஏறும்போதே உள்ளே கட்டிலில் இருந்து சத்தம் போடுவா. சேர்ட்டை வெளியிலேயே கழற்றி, பையில் போட்டுக் கட்டி, நேரே குளியலறைக்குள் போனால்தான் வீட்டுக்குள் விடுவா. "இந்த மணத்தோட போனால் ஆரடா உனக்குப் பொம்பிளை தருவினம்?" என்பா. மாமா குளித்து, பவுடர் பூசி, மாப்பிள்ளை போல வந்து அம்மாவின் கால்மாட்டில் இருந்து அன்றைக்கு நடந்த கதையெல்லாம் சொல்லுவார். அம்மா எவ்வளவு பேசினாலும் அவர் வரச் சுணங்கினால் நாலு தரம் போன் எடுத்துவிடுவா.

அம்மா கட்டிலில் கிடந்ததற்குக் காரணம் இருந்தது. எனக்குப் பிறகு ஒன்று வந்து, தங்காமல் போனது. இந்த முறையும் இடையில் ஒருநாள் இரத்தம் கண்டு, ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பிறகு வீட்டுக்கு விட்டார்கள். எழும்பக் கூடாது, தூக்கக் கூடாது, மனம் குழம்பக் கூடாது என்று தொத்தோரெஸ்ஸா, அந்தப் பெண் டொக்டர், கண்டிப்பாகச் சொல்லியிருந்தா. முதல் இரண்டும் எனக்கு விளங்கின. மனம் குழம்பினால் பிள்ளைக்கு என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். "குழம்பினால் பிள்ளை நிக்காது" என்றார் அப்பா.

இந்த நேரத்தில்தான் மாமா பெண் பார்க்க யாழ்ப்பாணம் போனார். தள்ளிப்போடலாம் என்று அவர் சொன்னதுக்கு அம்மாதான் விடவில்லை. "எனக்குப் பிள்ளை பிறக்கேக்க நீ கலியாண எழுத்தோட வந்து நிக்கவேணும், போட்டு வா" என்றா. மாமா கோழி மணமில்லாத புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு போனார். போகும்போது என் காதைப் பிடித்துத் திருகி, வந்த உடனே ராமென் என்றார்.

ஒரு கிழமை அம்மாவோடு ஒவ்வொரு நாளும் போனில் கதைத்தார். பெண்ணைப் பிடித்துவிட்டது என்றார். அதற்கு அடுத்த கிழமை, மோட்டார்சைக்கிளில் போனவரை பஸ் அடித்து, அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

இதை நான் இங்கே ஒரு வரியில் எழுதிவிட்டேன். அப்போது எனக்கு இது தெரியாது. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அப்பா முடிவெடுத்துவிட்டார். ஒன்பது வயது வாய்க்குள் எந்தச் செய்தியும் தங்காது என்பதால் எனக்கும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த பெரியமாமாவும் அதற்கு உடன்பட்டார். போனது போய்விட்டது, இருக்கிற உயிர் இரண்டையும் காப்பாற்றுவோம் என்று தீர்மானித்தார்கள். பிள்ளை பிறந்த பிறகு சொல்வது. அதற்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது.

அப்பாவுக்கு அந்தப் போன் வந்தது லிபெர்த்தாத் தெருவில், அவர் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த வயதுபோன சின்ஞோராவின் வீட்டில். அன்று பின்னேரம் வந்தவர், நேரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் கட்டிடத்துக்குத் தண்ணீர் கூரையில் இருந்த தாங்கியில் இருந்துதான் வரும்; தாங்கி நிரம்புவது எப்போதென்று ஒருவருக்கும் தெரியாது. பல் தீட்டும்போது குழாயைத் திறந்துவிட்டாலே "தாங்கித் தண்ணி முடியப்போகுது" என்று என்னை வெருட்டுகிற மனிதர், அன்று தலையில் தண்ணீர் விழுகிற சத்தம் ஓயாமல் குளித்தார். அது நல்ல குளிர்காலம். ஈரத்தலையோடு வந்து குசினிக்குள் போய்ப் பருப்பை அடுப்பில் வைத்தார்.

அன்று பருப்பு. அடுத்த நாள் கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை. அதற்கடுத்த நாள் பூசணி. எங்கள் அப்பா மீன் துண்டு ஒன்று இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர். ஒன்றும் கிடைக்காவிட்டால் கருவாட்டையாவது சுடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் நாள்கணக்காக மரக்கறி. நல்லூர்க் கொடியும் ஏறவில்லை, கந்தசஷ்டியும் இல்லை. எங்கள் ஆட்கள் இந்த இரண்டையும் விட்டால் வேறு ஒரு காரணத்துக்குத்தான் இப்படி மீன், இறைச்சி என்று மச்சத்தையே ஒதுக்குவார்கள். அந்தக் காரணம் எனக்கு அப்போது தெரியாது.

முறைப்படி பார்த்தால் அப்பாவுக்குச் செத்தவீட்டுத் துடக்கு, தீட்டு, ஒன்றுமே இல்லை. மனிசியின் தம்பிக்கு மச்சான்காரன் துடக்குக் காக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லாது. ஆனால் அந்தப் பெடியனைப் பத்தொன்பது வயதில் இத்தாலிக்குக் கூப்பிட்டு, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் விடிய விடிய அவனோடு வரிசையில் நின்றவர் அப்பா. கூடப்பிறந்தவள் துக்கம் காக்க வழியில்லாமல் கிடக்கிறாள், அவளுக்காகவும் நானே காப்பது என்று நினைத்தாரோ என்னவோ. வாயால் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மீனுக்கு என்ன நடந்தது என்று நான்தான் கேட்டேன். கடல் கொந்தளிப்பு என்றார். கோழிக்கு? "கோழிக்கெல்லாம் ஏதோ வருத்தமாம்." ஆட்டுக்கு? ஆட்டைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் பிடித்தது. வாயை மூடிக்கொண்டு தின் என்றார்.

அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். தம்பி ஏன் போன் எடுக்கிறான் இல்லை?

"அவன்ர போன் கிணத்துக்குள்ள விழுந்திட்டுதாம்."

"கிணத்துக்கையோ? என்னெண்டு?"

"எட்டிப் பாத்தவனாம்."

அம்மா கூரையைப் பார்த்தா. "அவன் செய்வான்" என்றா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், ஏனென்றால் மாமா உண்மையாகவே செய்யக்கூடிய வேலைதான் அது. அப்பாவும் சிரித்தார். பிறகு போன் வெளிச்சம் வயிற்றுப்பிள்ளைக்குக் கூடாதாம் என்று சொல்லி அம்மாவின் போனையும் வாங்கி அலுமாரி மேலே வைத்துவிட்டார். அம்மா மறுபேச்சில்லாமல் குடுத்தா. போனை இழுத்துப் பறிக்க வேண்டி வரும் என்று பயந்துகொண்டிருந்த அப்பா ஆறுதலாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன்.

பலெர்மோ முழுக்க எங்கள் ஆட்களுக்குச் செய்தி தெரிந்திருந்தது. அம்மாவைப் பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் அந்த நாட்களில் அளவுக்கு மிஞ்சிச் சிரித்தார்கள். ஒருவர் வாழைப்பழம், ஒருவர் மாதுளம்பழம். கட்டில் ஓரத்தில் இருந்து மழையைப் பற்றியும் சின்ஞோராக்களைப் பற்றியும் கதைத்துவிட்டு, வெளியில் படியில் இறங்கும்போது மூக்கைத் துடைத்தார்கள். எல்லாருக்கும் தடிமன் என்று நான் நினைத்தேன்.

அடுத்த கிழமை ஒருநாள் விடிய, அம்மா என்னைக் கூப்பிட்டுத் தலை இழுத்துவிட்டா. கட்டிலில் கிடந்தபடியே, நான் நிலத்தில் இருக்க, இரட்டைப் பின்னல். பின்னிக்கொண்டே அப்பாவிடம் சொன்னா:

"இஞ்சாருங்கோ, இண்டைக்குப் பின்னேரம் பிள்ளையைத் தம்பியின்ர கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவன் வாறன் வாறன் எண்டு இவளை ஏமாத்திக்கொண்டிருக்கிறான்."

அப்பா திடுக்கிட்டார். பிறகு பார்ப்போம் என்றார். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். அம்மா விடவில்லை.

"இண்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஞாயிறு வேண்டாம்."

எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் ஒரு சந்தேகமும் இருந்தது. கோழிக்கு வருத்தம் என்றாரே அப்பா? கேட்டேன். "அது யப்பான் கோழி, வேற" என்றார். மாமா அந்தக் கோழிகளைப் பல்லரோவில் எந்தக் கடையில் வாங்குவார் என்பது எனக்குத் தெரியும், நானே அவரோடு போயிருக்கிறேன். ஆனாலும் ராமென் கிடைக்கப்போகிற நேரத்தில் நியாயம் கதைக்கக் கூடாது என்கிற புத்தி எனக்கு இருந்தது. புறப்படும்போது அம்மா என் கன்னத்தைப் பிடித்து, "முட்டையும் போட்டு வாங்கிச் சாப்பிடு. மிச்சம் விட்டிட்டு வரக் கூடாது" என்றா.

நாங்கள் போனபோது பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. கடை இன்னும் சரியாகத் திறக்கவில்லை, பாதிக் கதிரைகள் மேசை மேலே கவிழ்த்துக் கிடந்தன. யப்பான்காரர் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு முன்னால் நின்று, இடுப்பு வளையக் குனிந்தார். அப்பாவும் குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று இருவருக்கும் தெரியவில்லைப் போலும். அப்பா பாதி நிமிர்ந்து, அவர் இன்னும் குனிந்திருப்பதைக் கண்டு மறுபடி குனிந்தார். யப்பானில் எல்லாரும் இப்படித்தான் வணக்கம் சொல்வார்கள் என்று மாமா எனக்குச் செய்து காட்டியிருக்கிறார், ஆனால் இவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

அவரின் மனிசி ஓடிவந்து என்னைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கினா. "பிச்சிரித்தா, பிச்சிரித்தா மீயா", என் சின்னக் குஞ்சே என்று தலையெல்லாம் கொஞ்சினா. என் மூக்கு நசிந்தது. அவவின் கண்கள் சிவந்து போயிருந்தன. ஏன் அழுகிறீர்கள் என்று இத்தாலியனில் கேட்டேன். வெங்காயம், பிள்ளை, வெங்காயம் என்றா. கை இரண்டிலும் வெங்காய மணம் இல்லை என்பதைக் கவனித்தேன். பெரியவர்களின் மூக்கு வேறு மாதிரியாக்கும் என்று விட்டுவிட்டேன்.

சுவரோரமாக நாலு கதிரை போட்ட மேசையில் எங்களை இருத்தினார்கள். மாமா சொன்னபடி, ஒரு சின்ஞோராவைப் போல. குசினிக் கதவு திறக்கும்போதெல்லாம் அண்டாவும் அதிலிருந்து எழும்பும் ஆவியும் தெரிந்தன. அந்த மணம் வந்தது. மாமாவின் சேர்ட்டுப் பையின் மணம். எனக்கு அந்த நிமிடம் மாமாவைத் தேடியது, இன்றுவரை எனக்கு அந்த மணம் வந்தால் தேடும்.

எத்தனை கோப்பை என்று யப்பான்காரர் கேட்டதற்கு அப்பா இரண்டு விரலைக் காட்டினார். அவரே கொண்டுவந்து வைத்தார். நான் முதலில் பார்த்தது நிறத்தை. கட்டித் தேங்காய்ப்பாலின் நிறம், மேலே சின்னச் சின்னப் பொன் வட்டங்களாய் எண்ணெய். உள்ளே சுருண்டு கிடக்கும் நூடில்ஸ், மேலே கோழித் துண்டுகள், வெங்காயத்தாள், பாதியாய் வெட்டிய முட்டை. முட்டையின் வெள்ளை தேத்தண்ணி நிறத்தில் ஊறியிருந்தது, மஞ்சள் கரு இன்னும் இளகி நின்றது. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். பால் இல்லை. தேங்காயும் இல்லை. கோழி, கோழியைத் தவிர ஒன்றுமே இல்லை, உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. மாமா பொய் சொல்லவில்லை.

அப்பா தன் கோப்பையை எடுத்து, எனக்குப் பக்கத்தில், சுவரோரமாக இருந்த வெறுங்கதிரைக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். கரண்டியை அதன் வலப்பக்கத்தில் வைத்தார். குச்சிகளையும் கடதாசி உறையைக் கழற்றி நேராக வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செத்து எட்டாம் நாள் பின்னேரம், அவர் உயிரோடு இருக்கும்போது ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம், மீனோ இறைச்சியோ குடிவகையோ, சமைத்து எடுத்து அவருக்கென்று படைத்து வைப்பார்கள். எட்டுச்செலவு என்று பெயர். கொஞ்ச நேரம் அதை அவருக்கென்று விட்டுவிட்டு, பிறகு வீட்டு ஆட்கள் பகிர்ந்து சாப்பிடுவார்கள். வீட்டில் அதைச் செய்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் அப்பா மாமாவின் எட்டை, மாமா காய்ச்சிய அடுப்புக்குப் பத்தடி தள்ளி, அந்த ராமென் மேசையில் செய்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவுக்குக் குச்சி பிடிக்கத் தெரியாமல் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறார் என்பதுதான்.

யப்பான்காரர் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெறுங்கதிரையைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சின்னக் கிளாசில் பியர் ஊற்றிக்கொண்டு வந்து, அப்பாவிடம் கேட்காமலேயே அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அப்பா பியர் குடிக்கமாட்டார் என்று நான் பின்னால் கத்தினேன். அவர் திரும்பவில்லை. அப்பா என் தலையில் கையை வைத்து, "சாப்பிடு குஞ்சு" என்றார்.

நான் உறிஞ்சினேன். கடை முழுக்கக் கேட்கும்படி உறிஞ்சினேன். ஒவ்வொரு தரமும் கடைக்கண்ணால் அப்பாவைப் பார்த்தேன், குட்டு விழவில்லை. நெடுகப் பேசினேன் கூட. மாமா வந்தால் தேங்காய்ப்பால் சண்டையில் அவர் வென்றுவிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டி வருமே, அதுதான் எனக்கு அப்போது பெரிய கவலை. அதையும் அப்பாவிடம் சொன்னேன். அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டே, "ஓம், ஒப்புக்கொள்" என்றார்.

என்னுடையது முடிந்ததும் மற்றக் கோப்பையின் முட்டையில் கண் போனது. அப்பா சாப்பிடவில்லையே, நான் எடுக்கட்டோ என்று கேட்டேன்.

"பொறு. ஆவி அடங்கட்டும்."

"ஆறினால் நல்லா இராதப்பா."

"பொறு எண்டுறன்."

ஆவி அடங்கும்வரை இருந்தோம். பியரின் நுரை அமர்ந்தது, சாற்றின் மேல் மெல்லிய ஆடை படிந்தது. வெளியே ஸ்தாசியோனே பக்கம் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. கடைசியில் அப்பா அந்த முட்டையைக் கரண்டியால் எடுத்து என் வாயில் ஊட்டினார். ஒன்பது வயதுப் பெட்டைக்கு ஊட்டுகிறாரே, யாரும் பார்க்கிறார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. கோழித் துண்டுகளையும் அப்படியே ஊட்டினார். தான் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. மிச்சச் சாற்றை, அம்மாவுக்கு என்று சொல்லி, மனிசி ஒரு மூடிக் கிண்ணத்தில் ஊற்றித் தந்தா.

புறப்படும்போது அந்தக் கிண்ணத்தோடு இன்னொரு பையும் வந்தது. உள்ளே மாமாவின் குசினிச் சப்பாத்து, நெற்றியில் கட்டுகிற நீலத் துணி, அகப்பை. நான் பையை விரித்துப் பார்த்துவிட்டேன்.

"ஏன் எல்லாத்தையும் கொண்டு போறியள்? மாமா வந்து எதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வார்?"

புதுசு குடுப்பார்களாம் என்றார் அப்பா. நாங்கள் வீட்டுக்குப் போகும் வழியில், கீழ்மாடியில் இருந்த எங்கள் ஆட்கள் வீட்டில் அந்தப் பையை விட்டார். சாற்றுக் கிண்ணம் மட்டும் மேலே வந்தது.

அம்மா முழித்துக்கொண்டு கிடந்தா. அப்பா சேர்ட் மாற்ற உள்ளே போன நேரம் பார்த்து, என்னைக் கிட்டக் கூப்பிட்டா. குரலைத் தாழ்த்தி, அப்பா சாப்பிட்டவரோ என்று கேட்டா.

"இல்லை. ரெண்டு கோப்பை வாங்கினவர். தன்ரதைச் சும்மா வெறுங்கதிரைக்கு முன்னால வைச்சுக்கொண்டு இருந்தவர். யப்பான்காரர் பியரும் கொண்டுவந்து வைச்சவர். அப்பாவுக்குக் குச்சி பிடிக்கத் தெரியாதம்மா." சொல்லிவிட்டு, கிண்ணத்தைக் காட்டினேன். "இது அந்தக் கோப்பையின்ர மிச்சம்."

அம்மா கையை ஊன்றி எழும்பி இருந்தா. எழும்பக் கூடாது என்று நான் கத்தக் கத்த இருந்தா. கிண்ணத்தை வாங்கி மூடியைத் திறந்தா. ஏழு மாதமாகக் கோழி மணத்துக்கு வாந்தி எடுத்தவ, கூடப்பிறந்தவனைச் சேர்ட்டோடு வீட்டுக்குள் விடாதவ, அந்த ஆறிய சாற்றை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தா. குடித்து முடித்து, விரலால் கிண்ணத்தை வழித்து நாக்கில் வைத்தா. அப்பா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா செய்தியைச் சொன்னார். பெரியமாமா போனில் இருந்தார், கீழ்மாடிப் பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொள்ளத் தயாராக வந்து நின்றார்கள். அம்மா குழறிய குழறலில் கீழே சந்தையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அது நடிப்பில்லை. இரண்டு மாதம் நெஞ்சுக்குள் கிடந்த அழுகை அது, அழலாம் என்று அப்பா அன்றுதான் வாய் திறந்தார்.

நான் வளர்ந்து, என் வயிற்றில் பிள்ளையோடு அம்மா வீட்டில் வந்து கிடந்த நாட்களில் ஒருநாள் அம்மா என்னிடம் இதைச் சொன்னா. "உன்ர அப்பா வேலையால வந்து தலைமுழுகிப்போட்டுப் பருப்பை அடுப்பில வைச்சார். அப்பவே எனக்கு விளங்கீட்டுது, ஆரோ போயிட்டினம். அடுத்த நாள் போன் கிணத்துக்குள்ள விழுந்தாப்போல, அது ஆரெண்டும் விளங்கீட்டுது. மரக்கறி தொடங்கின நாளில இருந்து எண்ணிக்கொண்டு கிடந்தனான். என்னால எழும்பி ஒரு பிடி சோறு வைக்க ஏலாது. அதுதான் எட்டாம் நாள் உங்களை அனுப்பினனான், அவன்ர கடையிலயாவது அவன்ர பேரில ஆராவது சாப்பிடட்டும் எண்டு."

அழுதால் வயிற்றில் இருந்த என் தம்பியும் போய்விடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாவாம். அந்தச் சாற்றை எப்படியம்மா குடித்தீர்கள் என்று கேட்டேன். அவனுக்குப் படைத்தது என்று நீ சொன்னதில் விளங்கின பிறகு குடிக்காமல் விடுவேனோ என்றா. அதோடு, துக்கம் தெரிந்தவள் மச்சம் வாயில் வைக்கமாட்டாள். நான் குடித்தால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று உங்கள் அப்பா நிம்மதியாக நித்திரை கொள்வார் என்றும் சொன்னா. அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினா. என்னை வடிவாக ஏமாற்றிவிட்டதாக அந்த மனிசன் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே இருக்கட்டும் என்றா.

ஆனால் அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. அம்மா வெறுங்கிண்ணத்தை என்னிடம் தந்து, "நல்லாய்க் காய்ச்சியிருக்கினம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தா. அப்பா கதவடியிலிருந்து விலகி விறுவிறென்று குசினிக்குள் போனார். கிண்ணத்தைக் கழுவ வைக்கலாம் என்று நான் பின்னால் போனேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அப்பா அழுதுகொண்டிருந்தார்.

எனக்குப் பாவமாக இருந்தது. கடையிலும் ஒன்றும் சாப்பிடவில்லை. அம்மா மிச்சம் வைப்பா என்று நம்பி வந்திருக்கிறார்.

"அழாதேங்கோப்பா. அம்மா பசியில முழுக்கக் குடிச்சிட்டா. மாமா வந்தாப்போல உங்களுக்கும் ஒரு பெரிய கோப்பை காய்ச்சித் தரச் சொல்லுறன்."

அப்பா குழாயை இன்னும் திருகினார், அது அதற்கு மேல் திறக்கவில்லை. தாங்கித் தண்ணி முடியப்போகுது என்று நான் அவருக்குச் சொன்னேன்.